தலைகீழாகப் பிடித்த கிட்டார்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆயுத பூஜை அன்று நடந்தது இது. புதுச்சேரி முதலியார்பேட்டையில் அண்ணன், அண்ணி, அப்போது நான்கு வயதாக இருந்த அவர்களுடைய மகள், நான் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரும், அதை மறைக்கவும் மாட்டேன்.

மறுநாள் விஜயதசமி. குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துப் போய் அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பதாக ஏற்பாடு. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. குழந்தையை மடியில் வைத்துக் கைபிடித்து எழுத வைக்க வேண்டியது நான்தான் என்று அண்ணன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம வூட்ல படிச்சவ நீதான. வேற யாரு புடிப்பாங்க?"

கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: "சோத்துக் கையா பாத்துப் புடி."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு எல்லாமே இடது கைதான். பிஸ்கட் வாங்குவது, தலை சீவிக்கொள்வது, சுவரில் கிறுக்குவது எல்லாம். என்னைப் போலவே. நான் ஒன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதியதற்கு ஸ்கேலால் அடி வாங்கினேன். கூடப் படித்த பிள்ளைகள் 'பீச்சாங்கை' என்றே கூப்பிட்டார்கள். அதே பள்ளியில் மேல் வகுப்பில் இருந்த அண்ணன் ஒருநாள் நான் அதற்காக வகுப்புக்கு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டார். அன்று முதல் தினமும் சாயந்திரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலை வலது கையில் கொடுத்து, நான் அழுதாலும் விடாமல் எழுத வைத்தார். மில் மூடி அப்பாவுக்கு வேலை போனபோது, தன் படிப்பை நிறுத்தியது அவர்தான். நான் தொடர்ந்து படித்தேன். அந்த வலது கையால்தான் பட்டம் வாங்கினேன். அதனால் அவர் செய்தது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தன் மகளையும் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் மறுநாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஆயுத பூஜை அன்று மதியம் அண்ணன் சாப்பிட வந்தபோது ஒரே புலம்பல். காலையில் ஆட்டோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, முதல் சவாரி போனாராம். பெரிய கிட்டார் பெட்டியோடு அறுபது வயதுக்காரர் ஒருவர். பிரான்சில் இருக்கிறவர், பூர்வீகம் முத்தியால்பேட்டையாம். "ஆளு தங்கமான மனுசன். மெர்சி மெர்சின்னு ரெண்டு தடவ நன்றி சொன்னாரு. ஆனா போணிக் காச பீச்சாங்கையில குடுக்குறாரு. பூசை போட்ட வண்டி." அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம், நீ வாங்காம வந்துட்டியா என்று கேட்டார். வாங்கிவிட்டாராம்.

சாயந்திரம் அந்தக் கிட்டார்காரரை வாசிக்கும் இடத்துக்கு அழைத்துப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டு வந்து விடவும் அண்ணன்தான் பேசியிருந்தார். சும்மா வெளியில் ஏன் நிற்க வேண்டும், வீட்டு ஆட்களையும் கூட்டி வாருங்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அண்ணி வரவில்லை. நானும் குழந்தையும் முன்னாடியே போய்க் காத்திருந்தோம்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடு ஒன்றின் முற்றம். பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே வந்திருந்த வெளிநாட்டுக்காரர்களையும் வசதியானவர்களையும் பார்த்ததும் அண்ணன் கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்துகொண்டார். வாசிக்கப்போவது ஜாஸ் என்றார்கள். நான் அதுவரை கேட்டதில்லை.

அவர் கிட்டாரை மடியில் வைத்ததும் ஏதோ மாறியிருப்பது போல் இருந்தது. அதன் கழுத்து அவருடைய வலது பக்கம் நீண்டிருந்தது. வலது கை கம்பிகளை அழுத்தியது, இடது கை மீட்டியது. முதல் வரிசைக்குப் பின்னால் போய் நின்று நன்றாகப் பார்த்தேன். கம்பிகளும் தலைகீழாக இருந்தன. மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. கட்டை விரலால் அவர் மேலே மெட்டை வாசிக்க, மற்ற விரல்கள் கீழேயிருந்து தடித்த கம்பிகளைச் சுண்டி இழுத்தன. ஒரே ஆள் வாசிக்கிறார் என்று நம்ப முடியவில்லை. மெட்டு ஒரு பக்கம் நிதானமாகப் போகும், கீழ்க் குரல் பின்னால் வந்து அதைத் தொடும், உடனே விலகும். வேகமாக வாசிக்கும்போதும் அவர் முகத்தில் அவசரமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டிருப்பவர் மாதிரி இருந்தார். அந்த இடது கையை விட்டு என் கண் நகரவில்லை. ஒரு இடது கையை இத்தனை பேர் வாயைப் பிளந்து பார்ப்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் நாற்காலி நுனியில் இருந்தார். "பாட்டே பாட மாட்டேங்கிறாரு, ஆனா நல்லாத்தான் கீது" என்றார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து, தன் வயிற்றில் இடது கை விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், கிட்டார் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, இடது கைக்காரர்கள் கம்பியை மாற்றிக் கட்டிக்கொள்வார்களே, நீங்கள் ஏன் மாற்றவில்லை என்று கேட்டான்.

"வூட்ல இருந்தது ஒரே கிட்டார். எங்க அண்ணனுது" என்றார் அவர். "கம்பியில கைய வச்சா ஒதப்பாரு. அதான் அப்படியே திருப்பிப் புடிச்சுக்கிட்டேன். சொல்லிக்குடுக்க வந்தவங்க எல்லாம் கைய மாத்துன்னாங்க. நான் வாத்தியார மாத்திட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவரோடு நானும் குழந்தையும் பின்னால் உட்கார்ந்தோம். கிட்டார் பெட்டி எங்கள் முழங்கால்களின் மேல் குறுக்காக இருந்தது. குழந்தை அதன் பூட்டை நோண்டிக்கொண்டே வந்தாள், எந்தக் கையால் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைக் கவனித்தார். அஜந்தா சிக்னலில் வண்டி நின்றபோது, அண்ணன் திரும்பாமலே கேட்டார்.

"ஏன் சார், நீங்க அத தலகீழா வாசிக்கிறத உங்க அண்ணன் பாத்தாரா?"

"ஒருநாள் பாத்துட்டாரு. கதவாண்ட நின்னு முழுசா கேட்டாரு."

"கேட்டுட்டு?"

"'இன்னமே இது உன்னுதுடா'ன்னுட்டாரு, தம்பி. அப்புறம் அவரு வாசிக்கவே இல்ல."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்த பிறகுதான் அண்ணன் வண்டியை எடுத்தார். இறங்கும்போது அவர் இடது கையால் நீட்டிய பணத்தை, இந்த முறை ஒன்றும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி வைத்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அவளுடைய வலது கையைத்தான் பிடித்தேன். அவள் அதை உருவிக்கொண்டு இடது கையை அரிசிமேல் வைத்தாள். வலது கைம்மா, என்றார் குருக்கள். நான் அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினால் நான் அந்தச் சின்னக் கையை எடுத்து மடக்கி வைத்திருப்பேன், அதுதான் உண்மை.

அண்ணன் எங்கள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையின் இடது பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இருக்கட்டும் சாமி. அவளுக்கு வர்ற கையில எழுதட்டும்."

குருக்கள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சரி, எழுதுங்கோ என்றார். குழந்தையின் இடது கையை என் இடது கையால் பிடித்தேன். அந்தக் கையால் நான் ஒரு எழுத்து எழுதி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. 'அ' கொஞ்சம் கோணிக்கொண்டுதான் வந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அண்ணன் என்னிடம், "ஒனக்கு அப்போ ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். இல்லண்ணா என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எழுதி முடிக்கும்போது இடது உள்ளங்கையின் ஓரமெல்லாம் பென்சில் கரி. சில சாயந்திரங்களில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகுகிறேன், என் எழுத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். ஜாஸ் பற்றி எனக்கு இன்றும் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கேயாவது கிட்டார் சத்தம் கேட்டால், அதை வாசிப்பவரைவிட, கதவோரம் நின்று முழுசாகக் கேட்ட அந்த அண்ணனைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.