வெள்ளையாகவே இருந்த வரி

கணினி நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்ததும் எழுத்துகளுக்கு வண்ணம் தானாகவே வர வேண்டுமா, வேண்டியவர்கள் போட்டுக்கொண்டால் போதுமா என்று அலுவலகத்துப் பிள்ளைகள் சண்டை போடும்போது நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

2012 வாக்கில் நாகர்கோவிலில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். கடலில் காற்று பலக்கும் நாட்களில் வள்ளம் என்னும் சிறு படகில் மீன்பிடிக்கும் வள்ளக்காரர்களின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. என் அண்ணனும் வள்ளக்காரன்தான். அவன் எண்ணை அந்தப் பட்டியலில் சேர்த்தவளே நான்.

ஒரு வரிக்கு முன்னால் # குறி போட்டால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். என் கணினியில் அப்படிப்பட்ட வரி சாம்பல் நிறமாகத் தெரியும். நான் நிறத்தைத்தான் பார்த்துப் பழகியிருந்தேன், குறியை அல்ல. ஆனால் செய்தி அனுப்பும் சர்வரில் எல்லாமே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதை அமைத்த சீனியருக்கு வண்ணம் என்றாலே இளக்காரம். கலர் வேண்டுமென்றால் கோலம் போடப் போகலாம் என்பார். ஒரே கட்டளையில் வண்ணம் வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதவளுக்கு முதலில் திறக்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் உலகம்.

ஆனி மாதம் ஒரு காலை, மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலக்கும் என்று தகவல் வந்தது. சீனியர் விடுப்பு. முந்தின நாள் சோதனைக்காக வள்ளக்காரர் பட்டியல் வரிக்கு முன்னால் அவர் குறி போட்டு நிறுத்தியிருந்தார். அலுவலக எண்கள் நாலு கொண்ட வரி மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. நான் மூன்று தடவை படித்தேன். இரண்டு வரியும் ஒரே வெள்ளையில் பளிச்சென்று இருந்தன. நிரலை ஓட்டினேன். உடனே என் போன் ஒலித்தது. எல்லோருக்கும் போய்விட்டது என்று டீ குடிக்கப் போனேன். அந்த நாலு எண்களில் என்னுடையதும் ஒன்று.

மூன்று மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். அண்ணன் கடலுக்குப் போய்விட்டான் என்றாள். எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல்லியே மக்கா. வந்திருந்தா அவன் போவானா?"

சர்வரில் அந்தக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தேன். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் அந்தக் குறி. எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். கடலுக்குள் டவர் கிடையாது என்பது தெரிந்தும் அனுப்பினேன். பிறகு பஸ் பிடித்துக் கரைக்குப் போனேன்.

அங்கே பெண்கள் கூடி நின்றார்கள். காற்று அவர்கள் சேலையைப் பிய்த்தெடுத்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் என் வேலை தெரியும். இன்றைக்கு ஏன் மெசேஜ் வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். சரியாகத் தெரியவில்லை அக்கா என்றேன். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வந்தன. அண்ணனுடையது கடைசி. வலையை அறுத்து விட்டுவிட்டு வந்திருந்தான். நனைந்து நடுங்கிக்கொண்டே பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான்.

"கரை கிட்ட வந்த பொறவுதான் ஒன் மெசேஜ் வருது பாரு ஏட்டி. இந்த டவர்காரனுக்கு மண்டையில ஒண்ணும் இல்ல."

அவன் டவர்காரனைத் திட்டினான். பக்கத்தில் நின்று நானும் திட்டினேன்.