இஸ்திரிப்பெட்டிச் சாம்பலும் முசாண்டா செடியும்

“செல்வி, அடுத்த மாசத்துலேர்ந்து நீ வரவேண்டாம். வேற ஆள் பார்த்துட்டேன்.”

மந்தைவெளி அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி மாமி இப்படிச் சொன்னபோது நான் அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கிருந்த மற்றத் தோட்ட வேலைகளும் மாமி சொல்லிக் கிடைத்தவைதான். இது போனால் அவையும் போகும்.

எல்லாம் ஒரு செடியால் வந்த வினை. அமெரிக்காவில் மகள் வீட்டில் டாக்வுட் என்ற பூச்செடியைப் பார்த்துவிட்டு வந்த மாமி, அதேதான் வேண்டும் என்றார். “அது குளுருல வளர்றது மாமி. நம்ம வெயில்ல வெந்துபூடும்” என்று சொல்லி, பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி பூக்கும் முசாண்டாவைக் கேட்டருகே வைத்தேன். இடுப்புக்குமேல் உயராத குட்டை ரகம். முதல் வருடம் ரோஜா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. எனக்கு ஒரு புடவைகூடக் கிடைத்தது.

மறுவருடம் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எரு வைத்தேன், வேப்பெண்ணெய் தெளித்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. “நீ தண்ணியே விடறதில்லை, பேசிண்டே இருக்கே” என்று மாமி தீர்ப்பெழுதிவிட்டார். நான் வாயாடிதான், அதற்காக?

கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருந்த பாபு அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“அவள இன்னாத்துக்கு மாமி நிறுத்துறீங்க? பொட்டி சாம்பல தெனிக்கும் நான்தான் அதுக்குப் போட்டுக்கினு கீறேன். உரம்னு நெனச்சேன். செடி வாடுதேன்னு இன்னும் ரெண்டு கை சேத்துப் போட்டேன்.”

மண்ணோடு கிளறி, மேலே தண்ணீரும் ஊற்றிவிடுவாராம். எனக்கு எப்படித் தெரியும்! சாம்பல் கொஞ்சம் என்றால் நல்லது. மிஞ்சினால் முசாண்டாவால் மண்ணின் சத்தை எடுக்க முடியாது.

வண்டியைத் தூக்கச் சொல்லிச் சில வீட்டுக்காரர்கள் மாமியை நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. பாபு அண்ணனுக்கும் அது தெரியும். தெரிந்தும் வந்து நின்றார்.

மாமி செடியையே பார்த்தார். “ஏண்டாப்பா, எங்காத்துப் புடவையில ஒரு சுருக்கம் விடமாட்டே. இதை இப்படிப் பண்ணி வெச்சிருக்கியே! ரெண்டு பேருமா பொழைக்க வைங்கோ, போங்கோ.”

இரண்டு பேருமாக மண்ணை மாற்றி, மட்கிய எரு போட்டோம். பச்சைத் துளிர் வந்தது. வேறு ஆள் பேச்சை மாமி எடுக்கவே இல்லை. வண்டியும் அங்கேயே நின்றது.

பாபு அண்ணன் பேசாமல் துணி தேய்த்திருந்தால் கேட்பார் யாருமில்லை. கூடப் பிறந்தவன்கூட எனக்காக இப்படி வந்து நின்றதில்லை. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

புதிதாகத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இலை பழுத்தால் பூச்சியைப் பார், தண்ணீரைப் பார். அப்புறம் அக்கம்பக்கத்தில் அந்தச் செடிமேல் யாருக்குப் பாசம் அதிகம் என்று விசாரி. ஆள் கிடைத்தால் சண்டைக்குப் போகாதே. உன் பிழைப்பைக் காப்பாற்றப் போகிறவர் அவராகவே இருக்கலாம்.