மூன்றாம் எண்ணுக்கு மேல் திருகாதீர்கள்

டர்போ காருக்குப் பவர் ஏற்றித் தரும் தொழிலில் ஏற்றுவது சுலபம்; இதோடு போதும் என்று வாடிக்கையாளருக்குப் புரியவைப்பதற்குள்தான் நமக்கு உயிர் போய்விடும். ஏதாவது ஒரு தொழிலில் ‘போதும்’ என்று சொல்லிப் பார்த்து அடி வாங்கியவர்கள் மேற்கொண்டு படிக்கலாம். நாமெல்லாம் ஒரே சாதி.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் உப்பளம் என்கிற பேட்டையில் பட்டறை வைத்திருந்தேன். டர்போ டீசல் கார்களின் எஞ்சினோடு ஒரு சின்னப் பெட்டியை இணைப்பேன். அது டீசலைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விடும். பெட்டியில் ஒரு திருகாணி, அதைச் சுற்றி ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். மூன்று வரை கம்பெனி எஞ்சின் தாங்கும். அதைத் தாண்டினால் முதலில் கிளட்ச் வழுக்கும், அப்புறம் டர்போ போகும், கடைசியில் பிஸ்டன் தலை உருகும். இதை நான் சொல்லாத நாளில்லை.

என் மாமனார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நன்றாக ஓடுகிற வண்டியைக் கெடுப்பதுதான் என் பிழைப்பு என்பது அவர் கருத்து. என் சொந்தக் கார் ஒரு தடவை நடுவழியில் நின்றால் போதும், அந்தக் கருத்து வீட்டுச் சட்டமாகிவிடும். அதனால் என் மானம் முழுக்க அந்தக் காரின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மீதி எங்கே?

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பெட்டி வைத்தால் பவர் கூடும் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம் வந்தது. எஞ்சினுக்குள் இருக்கிற பவரைக் கம்பெனிக்காரன் ஏன் முழுசாகத் தராமல் பிடித்து வைத்திருக்கிறான் என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் எடுத்து ஒளித்து வைத்தவன் மாதிரி.

கலப்பட டீசல், சித்திரை வெயில், ஆயில் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிற ஆசாமிகள் எல்லாவற்றையும் தாங்கத்தான் மிச்சம் வைக்கிறார்கள் என்று விளக்கினேன். அதில் ஒரு பங்கை மட்டும்தான் நாம் எடுக்கலாம், மீதியைத் தொடக்கூடாது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சரி, நான் ஒழுங்கா ஆயில் மாத்திட்டு வரேன். மீதியையும் குடுத்துடு.”

கடற்கரை வரைக்கும்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒருவர் இருந்தார். பட்டறையில் எல்லோரும் அவரை, பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதற்குச் சொல்கிற மாதிரி, முசியே என்போம். அவர் காருக்கு மூன்றில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார், முகம் சரியில்லை. நான் கிளட்சைப் பார்த்தேன், டர்போவைப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன.

வண்டியை எங்கே ஓட்டினீர்கள் என்று கேட்டேன். காந்தி வீதியிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு, திரும்பவும் காந்தி வீதிக்கு. அதற்கு அப்பால் அவருக்கு வேலையே கிடையாதாம். பிறகு ஏன் இவ்வளவு பவர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்:

“மூணாவது கியர் போடறதுக்குள்ள கடல் வந்துடுதுப்பா. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?”

சிவப்பும் ரோஸும்

திருகாணியை யாரும் தொடாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தேன். மூன்றில் நிறுத்தி, என் மனைவி செல்வியின் சிவப்பு நகப்பூச்சை அதன் மேல் ஒரு சொட்டு விட்டுவிடுவேன். பூச்சு உடைந்திருந்தால் நான் பொறுப்பில்லை.

ரெட்டியார்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர் கிளட்ச் வழுக்குகிறது என்று மனைவியோடு வந்தார். திருகாணி ஏழில் நின்றது. பூச்சு மட்டும் முழுசாக இருந்தது, ஆனால் ரோஸ் நிறத்தில். தான் தொடவே இல்லை என்று அவர் ஊரில் உள்ள சாமி மேலெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது, முன்சீட்டிலிருந்து அவர் மனைவி நிதானமாகச் சொன்னார்:

“அது செகப்பு, எங்கிட்ட இருக்கறது ரோஸுன்னு நான் அப்பவே சொன்னேன். மெக்கானிக்குக்கு கலரெல்லாம் எங்க தெரியப்போவுதுன்னாரு.”

மாப்பிள்ளை அழைப்பு

ஆனால் அந்த மனுஷன் போகிறபோது, ஏழில் வண்டி பறக்கிறது, உங்கள் வண்டியும் ஏழுதானே என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று என்று சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரே ஒரு வாரம் என்று என் வண்டியை ஏழில் வைத்தேன். திண்டிவனம் சாலையில் அது பறந்த அழகில் புத்தி மழுங்கிவிட்டது. கிளட்ச் லேசாக வழுக்கியதைக் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன்.

அந்த வாரத்தில்தான் செல்வியின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார்தான் என்று செல்வி தன் அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். மேளக்காரர்கள் முன்னால் போக, சித்தப்பா வீட்டுப் பையன்கள் முக்குக்கு முக்கு நின்று ஆட, அரைக் கிளட்சில் ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். முதலில் நாற்றம் வந்தது. யாரோ சாம்பிராணி நன்றாக இல்லை என்றார்கள். பிறகு புகை வந்தது. மச்சினன் மாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

மாப்பிள்ளை நடுவழியில் இறங்கக்கூடாது என்றார்கள். ஆகவே பட்டு வேட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு உறவுக்காரர்கள் எல்லோரும் தள்ளினார்கள், நடுவில் என் மாமனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூச்சு வாங்க என் ஜன்னலுக்கு வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

“மாப்ள, ஸ்டீரிங்க செல்வி புடிச்சிக்கும். நீங்க எறங்கிக்குங்க, கொஞ்சம் லேசாவாவது இருக்கும்.”

எஞ்சினுக்கு எதுவரை பவர் ஏற்றலாம் என்று இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: எந்த எண்ணில் வைத்தால் மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வண்டியை எடுத்துப்போக உங்களுக்குத் தைரியம் இருக்கிறதோ, அதற்கு ஒன்று குறைத்து வையுங்கள்.