முப்பதாயிரம் அடி உயரத்தில் அப்பாவின் சாப்பாடு

பகல் 12.30. நான் வேலை பார்க்கும் விழுப்புரத்திலிருந்து கிளம்பினேன். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். செஞ்சிப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து அப்பா எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். கையில் துணிப்பை, அதில் இட்லிப் பொட்டலம், காய்ச்சி ஆறிய தண்ணீர்.

பம்பாயில் இருக்கும் என் தங்கைக்கு மறுநாள் காலை இதய அறுவை சிகிச்சை. அதற்கு முன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் அழுதிருந்தாள். ரயில் என்றால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து இரண்டு விமான டிக்கெட் வாங்கினேன். இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

நாங்கள் ஏறிய சென்னைப் பேருந்து அச்சரப்பாக்கம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயர் வர ஒன்றரை மணி நேரம். "இப்பவே சாப்பிட்டுடுங்கப்பா" என்றேன்.

"நடுரோட்டுல வேணாம்மா. அங்க போய் கை கால் கழுவிக்கினு நிதானமா சாப்புடுறேன்."

நாங்கள் சமணர்கள். சூரியன் மறைந்தபின் அப்பா ஒரு பருக்கைகூடத் தொடமாட்டார். சர்க்கரை நோய் வேறு.

மாலை 5.20. மீனம்பாக்கத்தில் இறங்கி ஓடினோம். கடைசி ஆட்களாக ஏறினோம். பணிப்பெண் துணிப்பையை வாங்கித் தலைக்கு மேலிருந்த பெட்டியில் வைத்து மூடிவிட்டார்; விமானம் மேலே ஏறும்வரை திறக்கக் கூடாதாம். விமானம் கிளம்பவே 6.20 ஆகிவிட்டது. பம்பாய் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சேர்வோம் என்று அறிவித்தார்கள்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பசியில் சர்க்கரை இறங்கி அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. 6.45க்கு, நான் கேட்டுப் பணிப்பெண் பையை எடுத்துத் தந்தபோது கையால் தடுத்தார்.

"வேணாம்மா. பொழுது போயிருக்கும். காலைல பாத்துக்கலாம்."

"கடியாரத்த விடுங்கப்பா. ஜன்னல்ல பாருங்க."

குனிந்து பார்த்தார். வெள்ளை மேகப் பரப்புக்கு மேலே, சூரியன் இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றிருந்தது.

"இன்னாம்மா இது, இன்னும் போவலியே!"

"அது மேற்கால போவுது. நாமளும் அது பின்னாலயே போய்க்கினு இருக்கோம்."

பன்னிரண்டு வருடமாகப் பூகோளம் கற்பிக்கிறேன். பூமி சுழல்வதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அப்பா ஐந்து இட்லி சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். கை நடுக்கம் மெல்ல அடங்கியது.

"உங்கம்மா இந்நேரம் வெளக்கு ஏத்தியிருப்பா. நமக்கு இன்னும் பகலு!" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

7.20 வரை அந்தச் சூரியன் இருந்தது. பிறகு, மேகமெல்லாம் செம்பு நிறமாகி, மெதுவாக அடங்கியது.

இரவு 9.15. ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம்தான் அனுமதித்தார்கள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சூரியன் கதையையே சொன்னார். "நெசமாவாப்பா?" என்று கேட்டாள். முகத்திலிருந்த பயம் கொஞ்சம் விலகியிருந்தது.

மறுநாள் அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. எவ்வளவு தூரத்தை எவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டோம்! ஆனால் அந்த மூடிய கதவுக்கும் எங்கள் பெஞ்சுக்கும் நடுவிலிருந்த பத்தடியைக் கடக்க எந்த வண்டியும் இல்லை.

கதவு திறந்தது. மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்காப்பா" என்று தலையசைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.