முண்டியம்பாக்கம் தாண்டிவிட்டது

எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "சோறு வெந்துடுச்சு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னால், "சோறு வெந்துடுச்சு" என்று அப்பா கூடத்திலிருந்து சொல்வார். பால்காரர் வந்தாலும் குழாயில் தண்ணீர் வந்தாலும் இதே கதைதான். புதிதாக வந்த விருந்தாளிகள், இந்த வீட்டில் எல்லோருக்கும் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உரக்கப் பேசுவார்கள்.

அப்பா கூட்ஸ் வண்டி டிரைவர். விழுப்புரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் பாதையில் கரண்ட் எஞ்சின் ஓட்டினார். எதிரே சிக்னல் தெரிந்தவுடன் அசிஸ்டென்ட் "பச்சை" என்று கூவ வேண்டும். டிரைவர் தானும் பார்த்துவிட்டு "பச்சை" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் கண்ணும் ஒன்றையே பார்த்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தப் பழக்கம் அழுக்குச் சட்டையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

தொண்ணூற்று நாலில் எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் அப்பா எனக்கு அசிஸ்டென்ட் வேலை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நடந்து போகும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே வருவதையெல்லாம் கூவ வேண்டும். "பஸ்ஸு", "பள்ளம்", "மாடு படுத்துக்கினு இருக்கு" என்று நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார். அண்ணனுக்குக் கொடுக்காத பதவியை எனக்குக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை எதிரே பங்குச் சாமியார் வந்தார். நான் "சாமியார்" என்று கூவினேன். அப்பாவும் "சாமியார்" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கும்பிட்டார். சாமியார் சிரித்துவிட்டார். அம்மாதான் வீடு வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

மற்ற டிரைவர்கள் கிலோமீட்டர் கல்லையும், கரண்ட் கம்பத்தில் எழுதிய நம்பரையும், விசில் கொடுக்கச் சொல்லும் போர்டையும் பார்த்துப் போவார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். யார்டு முடிந்து வண்டி இடமும் வலமும் ஆடி அடங்கினால் மெயின் லைன் வந்துவிட்டது என்பார். சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாசனை மூக்கைத் தொட்டால் முண்டியம்பாக்கம். தண்டவாளச் சத்தம் குடத்துக்குள் பேசுவதுபோல் மாறினால் விக்கிரவாண்டி ஆற்றுப் பாலம். எஞ்சின் முனகினால் பேரணி ஏற்றம். உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தால் மயிலம் வளைவு. மல்லாட்டை மூட்டையின் வேர்க்கடலைத் தூசியில் தும்மல் வந்தால் திண்டிவனம் கூட்ஸ் ஷெட். எங்கப்பா கண்ணை மூடிக்கொண்டே வண்டி ஓட்டுவார் என்று வகுப்பில் சொல்லிப் பெருமையடித்தேன். நல்லவேளை, யாரும் நம்பவில்லை.

இதில் முண்டியம்பாக்கத்துக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. ஆலைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் மண்பாதை ஒன்று இருந்தது. கேட் கிடையாது, கேட்மேனும் கிடையாது. "அங்க விசில்தான் கேட்டு" என்பார் அப்பா. பாகு வாசனை வந்ததும் விசிலைப் பிடித்தால், மண்பாதை தாண்டும்வரை விடமாட்டாராம்.

அந்த வருஷம் கோடையில் அவருக்குக் கண் டெஸ்ட் வந்தது. டிரைவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும். தேறாவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கி வேறு ஏதாவது வேலையில் உட்கார வைப்பார்கள். டிரைவர் என்ற பேரும் போய்விடும். கரி எஞ்சினில் தொடங்கி இருபது வருஷத்தில் மேலே வந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. அவருடைய கண் நோய் கண்ணாடிக்கு அடங்காத வகை என்பதை அம்மா எனக்கு மிகவும் பின்னால்தான் சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குப் பரீட்சை வருகிறது என்பது மட்டும்தான்.

காய்ச்சல் என்று இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு அப்பா படிக்க உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை யாரையோ பிடித்துக் காகிதத்தில் எழுதி வாங்கி வந்திருந்தார். மேலே பானை அளவுக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் 'இ'. கீழே போகப்போக எழுத்துகள் இளைத்துக்கொண்டே போகும் என்றார். நான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்வேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒப்பிப்பார். தப்பினால் ஸ்கேலால் ஸ்டூலைத் தட்டுவேன். "பாத்து சொன்னா போதாதாப்பா, மனப்பாடம் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயத்துல எதுவும் தெரியாம போயிடும் பாப்பா. மனப்பாடமா இருந்தா தைரியம்."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. செய்யுள் ஒப்பிக்கும்போது எனக்கும் அப்படித்தான் ஆகும்.

டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் அத்தை மகனுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. அம்மாவும் அண்ணனும் முதல் நாளே போய்விட்டார்கள். அப்பாவும் நானும் காலையில் ஒரு எக்ஸ்பிரஸில் கடைசிப் பெட்டியில் ஏறினோம். விழுப்புரம் விட்டால் திண்டிவனத்தில்தான் நிற்கும். வழக்கம்போல் பந்தயம் கட்டினோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஊர் வர வர ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், நான் ஜன்னலில் பார்த்துச் சரியா என்று சொல்ல வேண்டும். அவர் தோற்றால் எனக்கு ஒரு டப்பா ஸ்கெட்ச் பேனா. அதுவரை ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

பெட்டி ஆடி அடங்கியது. "மெயின் லைன்" என்றார். சரி என்றேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு முகத்தை லேசாகத் தூக்கி உட்கார்ந்தார். ஆலையின் புகைபோக்கி வந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். புகைபோக்கியில் புகை இல்லை. அரவை முடிந்து ஆலையை மூடிப் பத்து நாளாகியிருந்தது. வருஷா வருஷம் மூடுவதுதான். அப்பாவுக்குத் தெரியாததும் இல்லை. முந்தைய வருஷங்களில் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார், அதனால் வாசனை இல்லாதது ஒரு குறையாகத் தோன்றியிருக்காது.

தண்டவாளம் குடத்துக்குள் பேச ஆரம்பித்தது. அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இது என்னா பாலம்?"

"விக்கிரவாண்டிப்பா."

"முண்டியம்பாக்கம்?"

"அது தாண்டி எவ்ளோ நேரமாச்சு. நீ தோத்துட்ட" என்று கையைத் தட்டிச் சிரித்தேன். எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார்.

"விசில் ஒண்ணு கேட்டுதே. அது அதுக்கு முன்னாடி வர்ற கேட்டுக்குன்னு இல்ல நெனச்சேன்" என்றார் அப்பா, என்னிடம் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். பிறகு, "அந்த மண்ரோட்ல யாருனா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"சைக்கிள்ல ஒருத்தர் நின்னுக்கினு இருந்தாருப்பா. முன்னாடி கம்பில ஒரு பாப்பா. எனக்கு டாட்டா காட்டுச்சு."

"எவ்ளோ பெரிய பாப்பா?"

"சின்னதுதான். மஞ்சக் கவுனு."

"லைனுக்குக் கிட்டயா நின்னாங்க?"

"கிட்டத்தான்." எனக்கு இந்தக் கேள்விகள் அலுப்பாக இருந்தன. தோற்றவர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். ஸ்கெட்ச் பேனா பன்னிரண்டு கலர் டப்பாவா இருபத்து நாலு கலர் டப்பாவா என்று பேரம் பேச ஆரம்பித்தேன். அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பேரணியும் மயிலமும் போயின. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டார் என்று எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் திண்டிவனத்தில் இறங்கியதும் முதல் கடையிலேயே இருபத்து நாலு கலர் டப்பா வாங்கித் தந்தார். அத்தை வீட்டில் பந்தியில் உட்கார்ந்தும் பிரியாணியை அளைந்துகொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலை, கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ஒப்பிக்கச் சொன்னேன். மேலிருந்து கீழே ஒரு தப்பில்லை. கீழிருந்து மேலே சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னார். ஸ்கேலுக்கு வேலையே இல்லை. வாத்தியார் என்ற முறையில் எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அவர் படியிறங்கும்போது நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

மத்தியானம் அப்பாவுக்கு முன்னால் அவருடைய அசிஸ்டென்ட் மாமா வீட்டுக்கு வந்தார். அவருக்கும் அன்று டெஸ்ட். வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்.

"மொத எழுத்தே தெரியலைன்னுட்டாருக்கா. டாக்டரு நம்பல. பதட்டப்படாம பாத்து சொல்லுங்கன்னு ரெண்டு தபா கேட்டாரு. எதுவும் தெரியல சார், எழுதிக்குங்கன்னுட்டு எழுந்துட்டாரு. நான் பின்னாடிதான் நிக்கறேன், எனக்கே பேஜாராயிடுச்சு."

அம்மா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவை விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் வேகன் நம்பர் எழுதிக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். வேகன் பக்கத்தில் போய் நின்றால் நம்பர் தெரியும். அவர் ஓட்டிக்கொண்டு போன வண்டிகளை அதற்கப்புறம் வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போக, அவர் ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு வாரம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலையில் தலைகீழாக ஒப்பித்தவர் அங்கே போய் 'இ'யைக் கோட்டை விட்டால் சொல்லிக்கொடுத்தவளுக்கு என்ன மரியாதை?

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "காலைல அவ்ளோ கரெக்டா சொன்னல்ல? அங்க ஏன் சொல்லல?"

அம்மா கையை ஓங்கினாள். அப்பா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். "வுடு, அவ கேக்கறதுல தப்பு இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மறந்துட்டேன் பாப்பா" என்றார்.

நான் நம்பினேன். ஒரே ஒரு எழுத்தைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டேனே என்று அன்று அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.