டிக்கெட் இல்லாத சட்டைகள்

எங்கள் தையல் கம்பெனியில் செக்கிங் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய நூல் பிசிறு கிடையாது. முதலாளியையே நிறுத்திக் காலரை அளந்து பார்ப்பாள் என்று கேலி செய்வோம். குறை இருக்கிறது என்று ஒரு சட்டையை அவள் தள்ளினால் தள்ளியதுதான். பக்கத்து மேசையில் சட்டை மடிக்கும் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு.

அவளுடைய தங்கை மூன்றாவது லைனில் காலர் தைத்தாள். புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள், இந்த வேலைதான் கதி. ஒவ்வொரு சட்டைக் கட்டிலும் தைத்தவரின் நம்பர் எழுதிய டிக்கெட் தொங்கும். தங்கையின் நம்பர் வந்தால் அக்காவின் முகம் இறுகிவிடும். மற்றவர்களுக்கு நூலளவு விட்டுக்கொடுப்பவள், இவளுக்கு மட்டும் விடமாட்டாள். கூடப் பிறந்தவள் என்று சலுகை காட்டக் கூடாது என்பாள். நாங்களும் நேர்மை நேர்மை என்று மெச்சினோம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவர்கள் அம்மா ஒன்பது வருஷம் படுத்த படுக்கை. பீ மூத்திரம் அள்ளியது அக்கா, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் எட்டிப் பார்த்தது தங்கை. அம்மாவோ கண்ணை மூடும்வரை சின்னவள் வந்தாளா என்றுதான் கேட்டாள். இதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். வருத்தமே இல்லை என்றாள். நம்பினேன், நான் ஒரு மடச்சி.

தள்ளிய சட்டைகள் கூடிக்கொண்டே போக, மூன்று முறை எச்சரித்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தங்கையை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய சரக்கில் நாற்பது சட்டை குறைந்தது. சூப்பர்வைசர் என்ன செய்தார் தெரியுமா? தங்கை தைத்து, அக்கா தள்ளிய சட்டைக் கட்டுகளில் இருந்த டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அக்கா மேசையிலேயே வைத்தார். அவள் டேப்பை எடுத்தாள், காலரைத் திருப்பினாள், நாற்பதையும் பாஸ் செய்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இதெல்லாம் உங்க தங்கச்சி தச்சது. போன வாரம் நீங்கதான் தள்ளுனீங்க."

அவள் டேப்பை மேசையில் போட்டாள். சூப்பர்வைசரிடம் ஓடினாள். குறை சட்டையில் இல்லை, தன்னிடம்தான், தங்கையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தங்கையின் மெஷினில் காலையிலேயே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அக்கா தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள், துணைக்கு நானும் போனேன். தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அக்கா வாசலிலேயே நின்றாள். தங்கை பாத்திர மூட்டையை முடிச்சுப் போட்டபடியே பேசினாள்.

"அம்மா என்னையே கேட்டாங்க. அது நான் பண்ண தப்பாக்கா? ஒரு நாள் என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாமே."

மூட்டையைத் தூக்க அக்கா கை நீட்டினாள். தங்கை கொடுக்கவில்லை.

இப்போதும் அதே மேசைதான். கட்டு வந்ததும் டிக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அக்கா டேப்பை எடுக்கிறாள். காலர் மெஷினில் இருப்பவள் சுமாராகத்தான் தைக்கிறாள், பாஸ் ஆகிவிடுகிறது. தங்கை பிள்ளைகளோடு எந்த ஊருக்குப் போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.