ஒருக்காத்தான் கேட்டவா

எனக்கு ஐம்பது வயசு கிட்டுது. இந்த வயசிலையும் "வேணும்" எண்டு வாய் திறந்து சொல்லத் தெரியாத மொக்கன் நான். முதலே சொல்லிப்போடுறன். பிறகு நீங்களாக் கண்டுபிடிச்சால் எனக்குத்தான் வெக்கம்.

இது நடந்தது போன வருசத்துக்கு முதல் வருசம், மாரி துவங்கிற நேரம், புதுக்குடியிருப்பிலை. அங்கை நான் சைக்கிள் திருத்துற கடை வைச்சிருக்கிறன். பின்னேரத்திலை கடையைச் சாத்திப்போட்டு, பக்கத்து ரியூசன் கொட்டிலிலை பெரியாக்களுக்கு நடக்கிற இங்கிலீசு வகுப்புக்குப் போவன். அங்கை வாறவை எல்லாரும் வெளிநாடு போகப்போற ஆக்கள். எங்கையும் போகாமல் இருக்கிறதுக்கு இங்கிலீசு படிச்சவன் நான் ஒருத்தன்தான்.

காரணம் என்ர அக்கா. அவா லண்டனிலை ஆஸ்பத்திரியிலை கிடந்தவா. அத்தான் எப்பவோ காலமாகிட்டார். அவாவின்ர மகள் வேலைக்குப் போற நேரத்திலை நாங்கள் போன் எடுத்தால், நேர்ஸ்தான் எடுத்து அக்காவின்ர முகத்துக்கு நேரை பிடிப்பா. அக்காவோடை கதைக்க எனக்கு இங்கிலீசு தேவையில்லை. ஆனா அக்காவிட்டைப் போய்ச்சேர நேர்ஸைத் தாண்டவேணுமே. அதுக்குத்தான் இந்தக் கூத்து.

ஒருநாள் ரீச்சர் "வோண்ட்" எண்ட சொல்லைப் படிப்பிச்சவா. நாங்கள் வேணும் எண்டுறதுதான் வோண்ட். எனக்குத் தண்ணி வேணும் எண்டால் ஐ வோண்ட் வோட்டர். உங்களுக்கு வேணுமோ எண்டு கேக்கிறது டூ யூ வோண்ட். நேரை ஐ வோண்ட் எண்டால் கொஞ்சம் அதிகாரம் மாதிரிக் கிடக்கும், மரியாதையாக் கேக்கிறதெண்டால் ஐ வுட் லைக் எண்டு சொல்லுங்கோ எண்டா. நான் எழும்பி, "ரீச்சர், அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை தேத்தண்ணி ஆறிப்போடும்" எண்டன். வகுப்பே சிரிச்சுது. "அண்ணை, பகிடியை விட்டிட்டு ஒரு வசனம் சொல்லுங்கோ" எண்டா ரீச்சர். "ஐ வோண்ட் டு ரோக் டு மை சிஸ்டர்" எண்டன். என்ர அக்காவோடை கதைக்கவேணும் எண்டு. ஒரு பிழை இல்லை. அதுக்குப் பிறகு ட்யூப் ஒட்டேக்கையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பன். காத்தடிக்க வந்த பெடியள் எனக்கு ஏதோ பிடிச்சிட்டுது எண்டு பாப்பாங்கள்.

இந்த இடத்திலை எங்கட ஆக்களைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். ஆரின்ரையாவது வீட்டை போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ" எண்டு கேப்பினம். "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" எண்டுவம். குடிச்சிருக்கவே மாட்டம். திருப்பிக் கேப்பினம். "ஐயோ, வேண்டாம்" எண்டுவம். பிறகு அவையாக் கொண்டுவந்து வைப்பினம், இழுத்துக் குடிப்பம். முதல் கேள்விக்கே ஓம் எண்டால், காணாததைக் கண்டவன் எண்டு கதை வந்திடும்.

இந்த வியாதி எனக்குக் கொஞ்சம் அதிகம். இடம்பெயர்ந்து கிடந்த காலத்திலை கஞ்சி வரிசையிலை நிண்டு நிண்டு கடைசியா என்ர முறை வந்தது. ஊத்தினவர், "தம்பி, இன்னும் ஒரு அகப்பை விடட்டோ?" எண்டார். நான், "வேண்டாம் அண்ணை, காணும்" எண்டன்! வயிறு ஒட்டிப்போய்க் கிடக்குது, வாய் மரியாதை பாக்குது. பின்னாலை நிண்ட அக்கா என்ர கையைச் சட்டியோடை பிடிச்சு முன்னுக்கு நீட்டி, "இவன்ர கதையைக் கேக்காதேங்கோ, ஊத்துங்கோ" எண்டவா. அக்கா ஒருநாளும் என்னட்டைச் சோறு வேணுமோ எண்டு கேட்டதில்லை. கேக்காமலே போட்டிடுவா.

சரி, விசயத்துக்கு வாறன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்காவின்ர மகள், என்ர மருமகள், எனக்குச் செய்தி போட்டிருந்தாள். டொக்டர்மார் நாள் கனக்க இல்லை எண்டுகினமாம். இப்பவே எடுங்கோ மாமா, அம்மா நித்திரை எண்டால் எழுப்பச் சொல்லுங்கோ எண்டு.

கடைக்குப் பின்னாலை, பழைய டயருகளுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு, எண்ணெய் பிரண்ட உடுப்பை மாத்தி, தலையும் சீவிக்கொண்டு இருந்தன். அக்காவைச் சிரிக்க வைக்க ஒரு புதுப் பகிடியும் கைவசம் வைச்சிருந்தனான். நான் போன் அடிக்க, நேர்ஸ் எடுத்தவா. போனைத் திருப்பிக் காட்டினா. தலையணைக்குள்ளை ஒரு சின்ன முகம். அது அக்கா எண்டு பிடிபட எனக்கு நேரம் எடுத்தது. கண் மூடியிருந்தது.

நேர்ஸ் மெதுவாக் கேட்டவா: "டூ யூ வோண்ட் மீ டு வேக் ஹேர்?"

அக்காவை எழுப்பட்டோ எண்டு கேக்கிறா. எனக்கு முழுக்க விளங்கினது. ஒரு சொல்லுத் தப்பேல்லை. உள்ளுக்கை ஒரு பெருமைகூட வந்தது, பாருங்கோவன். அந்தப் பெருமை அடங்க முதல் என்ர வாய் தன்ர பாட்டிலை சொல்லுது:

"நோ, நோ. இட்ஸ் ஓகே."

சொல்லிப்போட்டு, சிரிச்ச முகத்தோடை, அடுத்த தரம் கேப்பா எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அவா கேக்கேல்லை. நான் வேண்டாம் எண்டதை அந்த மனிசி அப்பிடியே நம்பிட்டுது. நல்ல மனிசன் எண்டமாதிரி என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சு, பாய் சொல்லி வைச்சிட்டா.

நான் படிச்சு வைச்ச வசனம் சொல்லாமலே கிடந்தது. உடனை திருப்பி எடுத்திருக்கலாம். வேலை செய்யிற அந்த நேர்ஸ் பிள்ளையைக் கரைச்சல்படுத்தக் கூடாது எண்டு அதுக்கும் மரியாதை பாத்தன். நாளைக்கு எடுப்பம் எண்டு போய்ச் சாப்பிட்டன்.

விடியக்காலமை மருமகள் எடுத்தாள். அழுகைதான் கேட்டது.

அதுக்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகேல்லை. தாண்டிப்போக வேண்டிய நேர்ஸும் இல்லை, அங்காலை அக்காவும் இல்லை.

அக்காவின்ர முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு மருமகள் இஞ்சை வந்தவள். சின்னனிலை போன பிள்ளை. தமிழ் கதைப்பாள், ஆனா எங்களைப்போலை சுத்தி வளைக்கத் தெரியாது. வந்து இருந்தவுடனை என்ர மனிசி, "பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ?" எண்டு கேட்டா. "ஓம் மாமி, வேணும்" எண்டாள். ஒரே தரத்திலை. மனிசி திகைச்சுப்போனா, ஏனெண்டால் கேத்தில் இன்னும் அடுப்பிலை ஏறேல்லை. எல்லாரும் சிரிக்க, நான் எழும்பிக் குசினிக்குப் பின்னாலை போய் நிண்டு அழுதன்.

அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்திட்டாள். "அண்டைக்கு நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதா நேர்ஸ் சொன்னவா. அம்மாவோடை ஏதும் கோவமோ மாமா?" ஒரு வருசமா அந்தப் பிள்ளை இதை மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்குது. நான் எல்லாத்தையும் சொன்னன். தேத்தண்ணி, கஞ்சி, சட்டி, அடுத்த தரம் கேப்பா எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தது, எல்லாம்.

இப்ப நான் ஆர் என்ன கேட்டாலும் முதல் தரமே ஓம் எண்டிடுவன். கலியாணவீட்டிலை பாயாசவாளி தூரத்திலை வரேக்கையே கப்பை நீட்டுறன். மனிசி துடையிலை கிள்ளுறா. கிள்ளட்டும். ஆனா ஒவ்வொரு ஓமும் சொல்லேக்கை, சொல்லவேண்டிய இடத்திலை சொல்லாமல் விட்ட அந்த ஓம்தான் ஞாபகம் வருது. அதோடை, அண்டைக்குக் குசினிக்குப் பின்னாலை, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுப்போட்டு மருமகள் சொன்னதும்:

"உங்கட வேண்டாம் விளங்கிற ஒரே ஆள் அம்மாதான் மாமா. அவாவைத்தானே நீங்கள் எழுப்பவேண்டாம் எண்டனீங்கள்."